உச்சியும் உச்சமும்

சித்திரை பிறந்து இரண்டு மூன்று நாள் ஆனதும் மதுரையில் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். மொட்டைமாடியில் ஒரு கழியை நேராக நட்டுவிட்டு, கடிகாரத்தில் 12 மணி 17 நிமிடம் ஆகும்வரை பொறுத்திருக்க வேண்டும். இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு வைத்தது. மதுரை அதற்கு மேற்கே இருப்பதால் அந்தப் பதினேழு நிமிடம். நேரம் வந்ததும் கழியின் நிழல் சுருங்கிச் சுருங்கிக் காணாமல் போகும். பக்கத்தில் நிற்பவரின் நிழலும் அவர் காலடிக்குள் ஒளிந்துகொள்ளும். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது என்போம். அந்த ஒரு சொல்லுக்குள் தலையின் நடு, வானத்தின் நடு, பகலின் நடு மூன்றும் இருக்கின்றன. அன்றைக்கு அந்த நேரத்தில் மூன்றும் ஒரே செங்குத்துக் கோட்டில் வந்து நிற்கின்றன.

மிக உயர்ந்த இடத்தைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் 'உச்சி'யைப் போல மனித உடம்போடு ஒட்டிக்கிடக்கும் சொல் அரிது. அதன் பக்கத்திலேயே, கூடப்பிறந்ததுபோலத் தோன்றும் 'உச்சம்' என்ற இன்னொரு சொல்லும் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று பலரும் நினைக்கிறோம். புழக்கத்தில் அவை ஒன்றல்ல. பிறப்பிலும் ஒன்றல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது.

உடம்பிலிருந்தே தொடங்கலாம். பிறந்த குழந்தையின் தலையில் எலும்பு இன்னும் கூடாமல் மெத்தென்று துடிக்கும் இடம் உச்சிக்குழி. ஒன்றரை வயதுக்குள் அது பெரும்பாலும் மூடிக்கொள்ளும். அதுவரை வீட்டுக் கிழவிகள் அங்கே எண்ணெய் வைத்துக் கையால் பொத்திப் பாதுகாப்பார்கள். பிள்ளையை அணைத்துத் தலையை மோந்து பார்ப்பது உச்சி முகர்தல். சீப்பால் மயிரை இரு பக்கமாகப் பிரிப்பது உச்சி எடுத்தல். நடு உச்சியா, பக்க உச்சியா என்பது ஒரு தலைமுறையின் அடையாளமாகவே இருந்திருக்கிறது. ஆணுக்கு உச்சிக்குடுமி, பெண்ணுக்கு உச்சிப்பூ என்ற நகை. புகழ்ச்சி கேட்டவனுக்கு உச்சி குளிர்கிறது. கோபம் வந்தவனுக்குச் சூடு உச்சிக்கு ஏறுகிறது. முழு உடம்பையும் சொல்ல வேண்டுமானால் உச்சி முதல் உள்ளங்கால் வரை. பாரதி இந்தச் சொல்லை இரு துருவங்களில் வைத்துப் பார்த்தவர். கண்ணம்மாவைக் குழந்தையாகப் பாடியபோது முகர்வதற்கான இடம் அது. பண்டாரப் பாட்டில் வானமே இடிந்து விழுந்தாலும் அஞ்சாமல் ஏற்கும் இடம்.

பழைய வழக்கிலும் இதே நிலைதான். திருமுருகாற்றுப்படையில் முருகனை வழிபடுவோர் தலைக்குமேல் கைகுவித்து நிற்கும் காட்சியில் 'உச்சி' வருகிறது. அங்கே அது தலை. சிலப்பதிகாரம் புகார் நகரத்துக் கோயில்களை அடுக்கும்போது சூரியன் கோயிலுக்கு உச்சிக்கிழான் கோட்டம் என்று பெயர் தருகிறது. கிழான் என்றால் உரியவன். ஊர்க்கிழான், நிலக்கிழான் என்பதுபோல வானத்து உச்சிக்கு உடைமைக்காரன். சூரியனுக்கு இதைவிட அழகான பெயரை நான் கண்டதில்லை. ஆக, தலையும் வானமும் இந்தச் சொல்லில் வெகு முன்பே சேர்ந்துவிட்டன.

எப்படிச் சேர்ந்தன என்பதற்கு விடை நிலவியலில் இருக்கிறது என்பது என் எண்ணம். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களில் மட்டுமே சூரியன் உண்மையாகத் தலைக்கு நேர்மேலே வரும், அதுவும் ஆண்டுக்கு இரண்டு நாள். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கிலும் செப்டம்பர் தொடக்கத்திலும். மதுரையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும். சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும். டெல்லிக்கு இந்தப் பேறு கிடையாது. லண்டனில் நடுக்கோடையில்கூட நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்துதான் நிற்கும். அங்கே நண்பகலுக்கு வழங்கும் ஆங்கிலச் சொல்லின் கதை வேடிக்கையானது. ஒன்பதாவது மணி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. விடியலிலிருந்து ஒன்பது மணி நேரம் எண்ணினால் பிற்பகல் மூன்று. துறவிகளின் பிரார்த்தனை நேரம் முன்னே நகர நகர, சொல்லும் அதோடு நகர்ந்து பன்னிரண்டில் வந்து நின்றது. எண்ணிக் கண்டுபிடித்த நண்பகல் அது. நம்முடையது தலையில் சுட்டுத் தெரிந்தது.

நெடுநல்வாடையில் நக்கீரர் பாண்டியன் அரண்மனைக்கு மனை கோலும் காட்சியை வைக்கிறார். இரண்டு கோல்களை நட்டு, ஞாயிறு எந்தப் பக்கமும் சாயாத அரைநாள் பொழுதில், நூல் வல்லார் கயிறு பிடித்துத் திசை குறிக்கிறார்கள். நிழலைக் கொண்டு திசையைத் தேறுவதற்கு நண்பகலைத் துல்லியமாகப் பிடிக்க வேண்டும். அதைப் பாட்டில் சொல்லும் அளவுக்கு அந்தக் கலை பழகியிருந்தது. மதுரையில் நின்று சொல்லும்போது 'எந்தப் பக்கமும் சாயாத' என்பதற்குக் கூடுதல் பொருளும் உண்டு: கிழக்கு மேற்காக மட்டும் அல்ல, ஆண்டில் இரண்டு நாள் வடக்கு தெற்காகவும் சாய்வதில்லை.

மலையாளம் இதில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. அங்கே 'உச்சி' என்றால் தலையுச்சி. 'உச்ச' என்றால் நண்பகல். மதியச் சாப்பாடு உச்ச ஊண். தமிழில் பகலின் நடுவுக்கு நண்பகல், மதியம், மத்தியானம், சில வட்டாரங்களில் உருமம் என்று பல சொற்கள் வந்து அன்றாடப் பேச்சைப் பங்குபோட்டுக்கொண்டன. உச்சிக்குக் கொஞ்சம் கனமான வேலைகள் மட்டும் மிஞ்சின. கோயிலில் உச்சிக்கால பூசை முடிந்தால் நடை சாத்துவார்கள், மாலைவரை சுவாமிக்கு ஓய்வு. அய்யாவழி நிழல் தாங்கல்களில் நடுப்பகலில் பாடுவது உச்சிப்படிப்பு. தெற்கத்திக் கிராமங்களில் உச்சி நேரத்தில் பிள்ளைகளைக் கிணற்றடிக்கும் புளியமரத்தடிக்கும் தனியே அனுப்பமாட்டார்கள். நள்ளிரவுக்கு ஒரு பயம் இருப்பதுபோல நட்ட நடுப்பகலுக்கும் ஒரு பயம். நிழல் இல்லாத நேரம் என்பதால் அப்படியா, வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில் வயல்காடு ஆளரவம் அற்றுப்போவதால் அப்படியா என்பதை நாட்டார் வழக்காற்றியலாளர்களிடம் விட்டுவிடுகிறேன்.

மலைக்கு வந்தால், உச்சி என்றதும் நினைவுக்கு வருபவர் திருச்சிக்காரர். சுமார் 83 மீட்டர் உயரமுள்ள பாறையில் நானூறுக்கு மேற்பட்ட படிகள். அடியில் மாணிக்க விநாயகர், இடையில் தாயுமானவர், மேலே உச்சிப் பிள்ளையார். நாட்டில் எத்தனையோ பிள்ளையார்கள் ஆற்றங்கரையிலும் அரசமரத்தடியிலும் முச்சந்தியிலும் இருக்க, இவருக்கு மட்டும் இருக்குமிடமே பெயராக நின்றுவிட்டது.

ஆனால் தமிழில் மலை உச்சியைச் சொல்லும் மற்றச் சொற்களைப் பார்த்தால் ஒரு வினோதம் தெரியும். முடி என்பது மயிர், மகுடம், மலைமுனை. தென்னிந்தியாவின் மிக உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். குடுமி என்பதும் தலைமயிர்தான்; குடுமியான்மலை உண்டு, முதுகுடுமிப் பெருவழுதி உண்டு, கதவின் சுழல்முனைக்குக்கூடக் குடுமி என்றுதான் பெயர். சென்னி என்றால் தலை, உச்சி, சோழன் பட்டம். வடமொழியிலிருந்து வந்த சிகரமும் சிகை என்ற சொல்லின் உறவே. கன்னடத்தில் உச்சந்தலைக்கு நெத்தி என்பார்கள். நம் நெற்றியேதான், இரண்டு அங்குலம் மேலே ஏறியிருக்கிறது. மலையைப் பார்த்தவன் அதற்குத் தன் தலையையே பெயராக வைத்திருக்கிறான். விதிவிலக்கு முகடு, அது கூரையிலிருந்து போனது. லத்தீன்காரர்களும் கூரை முகட்டுக்கு உரிய சொல்லையே வானவியலுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு விண்மீன் தன் பாதையின் மிக உயர்ந்த புள்ளியை எட்டுவதற்கு அவர்கள் வைத்த பெயருக்கு முகடேறுதல் என்பதே நேர்ப்பொருள்.

இனி உச்சம். இது வேறு தெருவில் வளர்ந்த பிள்ளை. ஜாதகம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இந்தச் சொல் தண்ணீர் பட்ட பாடு. சூரியன் மேஷத்தில் உச்சம், சந்திரன் ரிஷபத்தில், செவ்வாய் மகரத்தில், புதன் கன்னியில், குரு கடகத்தில், சுக்கிரன் மீனத்தில், சனி துலாத்தில். ஒவ்வொன்றுக்கும் எதிர்ராசியில் நீசம். இந்த ஏழு இடங்களும் கிரேக்க ஜோதிடத்திலும் இவையே. பாபிலோனில் வேர்விட்டு, கிரேக்கம் வழியாக நமக்கு வந்து சேர்ந்தவை. கருத்து வெளியூர்ச் சரக்கு, பெயர் உள்ளூர்: உச்ச, நீச என்ற வடமொழி இணை.

இந்த இணையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பிறப்பு வழக்கே இங்கேதான் தீர்கிறது. வடமொழியில் 'உத்' என்பது மேல்நோக்கு, 'நி' கீழ்நோக்கு, 'அஞ்ச்' என்ற வேருக்குத் திரும்புதல், செல்லுதல் என்று பொருள். உத்-தும் அஞ்ச்-சும் சேர்ந்து உச்ச. நி-யும் அஞ்ச்-சும் சேர்ந்து நீச. மேலே, கீழே என்ற பொருளில் இரண்டின் வடிவங்களும் ரிக்வேதத்திலேயே வருகின்றன. திசைப்பெயர்களும் இதே அச்சில் வார்த்தவை: கிழக்கு ப்ராசீ, மேற்கு ப்ரதீசீ, வடக்கு உதீசீ. வடக்கு என்றால் மேல்நோக்கிய திசை. இமயம் இருக்கும் பக்கம் அல்லவா. தமிழனுக்கு மேல் என்பது மேற்கு, கீழ் என்பது கிழக்கு, காரணம் நம் மலைத்தொடர் நிற்கும் இடம். எந்த மலையைப் பார்த்து வளர்ந்தோம் என்பதைத் திசைச்சொல் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஆகவே வடமொழி 'உச்ச' தமிழிலிருந்து போனது என்று தனித்தமிழ் அன்பர்கள் சொல்லும்போது என்னால் தலையாட்ட முடிவதில்லை. தன் வீட்டிலேயே தாய், தகப்பன், உடன்பிறந்தார் எல்லோரோடும் நிற்கும் சொல் அது. அதிலிருந்து வந்ததே நம் 'உச்சம்'. நீச, நீசம் ஆனதுபோலவே உச்ச, உச்சம் ஆயிற்று. ஆனால் எதிர்க்கட்சி அடுத்த அடியும் எடுத்துவைத்து, உச்சியும் அந்த வழியாகத்தான் வந்தது என்றால் அங்கேயும் நான் தயங்குகிறேன். காரணங்கள் உண்டு. கடன்வாங்கிய சொல் உச்சம் என்று ஆகியிருக்க, அதே மூலம் இகரம் ஏற்று உச்சி என்று இன்னொரு முறை ஏன் பிறக்க வேண்டும்? நீசத்துக்குத் துணையாக நீசி என்று ஒன்று பிறக்கவில்லையே. அடுத்தது பொருள். உச்சியின் கருப்பொருள் உச்சந்தலை. வடமொழி 'உச்ச' உயரத்தைக் குறிக்கும், உரத்த குரலைக் குறிக்கும், உச்சந்தலையைக் குறிப்பதில்லை. பிள்ளையின் தலையை மோந்து பார்க்கும் வழக்கம் வடமொழிக் காவியங்களிலும் தாராளமாக வருகிறது. அங்கே கையாளும் சொல் மூர்த்தா. இன்னொன்று, தமிழில் உகரத்தில் தொடங்கி உயரத்தைக் காட்டும் சொற்கள் ஏற்கெனவே ஒரு கூட்டமாக இருக்கின்றன: உயர், உம்பர், உவணம். உச்சிக்குத் தங்க வீடு இங்கேயே இருந்தது. ஒலியொற்றுமையால் பின்னாளில் இரு சொற்களும் நெருங்கிப் பழகியிருக்கலாம். மலையாளத்து 'உச்ச' அந்தப் பழக்கத்தில் விளைந்ததாகக்கூட இருக்கலாம்.

ஒலியொற்றுமையை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் நிறைய. உச்சரிப்புக்கும் உச்சிக்கும் உறவில்லை. அது உத்-தும் சர்-உம் சேர்ந்தது. பரிதாபத்தில் உச்சுக்கொட்டுகிறோமே, அது வெறும் நாக்குச் சத்தம். எல்லாவற்றிலும் பெரிய பொறி உச்சினிமாகாளி. தென்மாவட்டங்களில் உச்சிமாகாளி என்று ஆள்பெயரே உண்டு. உச்சிப்பொழுதின் காளி என்றுதான் கேட்பவர் காதில் விழும். ஆனால் அவள் உஜ்ஜயினியிலிருந்து வந்தவள். ஜகரம் இல்லாத தமிழ் நாக்கு அந்த ஊரை உச்சினி ஆக்கிற்று. பழைய இலக்கியத்தில் உஞ்சை.

அந்த உஜ்ஜயினிக்கு இந்தக் கதையில் பங்கே இல்லையா என்றால், பின்வாசல் வழியாக இருக்கிறது. கடக ரேகைக்கு மிக அருகில் இருக்கும் ஊர் அது. இந்திய வானவியலார் தங்கள் பூஜ்யத் தீர்க்கரேகையை அதன் வழியாகவே இழுத்தார்கள். எட்டாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் கலீபா அல்மன்சூர் காலத்தில் இந்திய சித்தாந்த நூல்கள் அரபிக்குப் போனபோது ஊரின் பெயரும் கூடப் போயிற்று. அரபியில் உஸைன் என்று எழுதினார்கள். எழுத்தின் மேலிருந்த ஒரு புள்ளி எங்கோ உதிர, ஸகரம் ரகரமாகி 'அரின்' ஆயிற்று. அந்த அரினைப் பூமியின் குவிமாடம், மனிதர் வாழும் உலகின் நட்டநடு மேடு என்று அரபுப் புவியியலார் வருணித்தார்கள். லத்தீன் நூல்கள் வழியாக அந்தப் பெயர் கொலம்பஸ் வரைக்கும் சென்றது. 1498இல் மூன்றாம் பயணத்தில் எழுதிய கடிதத்தில், உலகம் பேரிக்காய்போல ஒரு பக்கம் மேடிட்டிருக்கிறது என்று வாதிடும்போது அரினையும் இழுக்கிறார். மத்தியப்பிரதேசத்து ஊர் ஒன்று, ஒரு புள்ளி குறைந்ததால், உலகத்தின் கற்பனை உச்சியாகிவிட்டது.

அதே பாதையில் 'உச்ச' என்ற சொல்லும் போனது. இந்திய வானவியலில் அதற்கு ஜோதிடத்தில் உள்ள பொருளல்ல. ஒரு கோள் தன் சுற்றில் பூமியை விட்டு மிக விலகியிருக்கும் புள்ளி மந்தோச்சம். சந்திரனுக்கு அது சந்திரோச்சம். அந்தப் புள்ளியும் நிலையாக நிற்காமல் மெல்லச் சுற்றிவரும். 43,20,000 ஆண்டு கொண்ட ஒரு யுகத்தில் சந்திரோச்சம் 4,88,219 முறை சுற்றுகிறது என்று கி.பி. 499ஐ ஒட்டி எழுதிய நூலில் ஆரியபட்டர் சொல்கிறார். வகுத்துப் பார்த்தால் ஒரு சுற்றுக்கு 8.85 ஆண்டு, இன்றைய அளவும் அதுவே. இந்த உச்சம் பாரசீகம் வழியாக அரபியில் 'அவ்ஜ்' ஆயிற்று, லத்தீனில் 'அவுக்ஸ்', ஸ்பானிய, போர்ச்சுகீசிய மொழிகளில் 'அவுஹே', 'அவுஜெ'. ஒரு தொழிலோ பாணியோ ஓகோவென்று இருக்கும் காலத்தைச் சொல்ல ஸ்பானியர் இன்றும் இதையே பேச்சில் கையாள்கிறார்கள். பாரசீகத்தில் 'அவ்ஜ்' அன்றாடச் சொல். உருதுக் கவிதையிலும் உண்டு. மாட்ரிட் நகரத்துச் செய்தித்தாளும் நம் ராசிபலன் பக்கமும் தெரியாமலேயே ஒரு சொல்லைப் பகிர்ந்துகொள்கின்றன.

வானத்தில் தலைக்கு நேர்மேலுள்ள புள்ளிக்கு அரபியர் வைத்துக்கொண்ட பெயர் வேறு: 'சம்த் அர்-ரஅஸ்', தலையின் திசை. பாக்தாத்தில் சூரியன் ஒருநாளும் அந்தப் புள்ளிக்கு வராது. இருந்தும் அவர்களும் தலையிலிருந்துதான் வானத்தை அளந்தார்கள். ஐரோப்பிய எழுத்தர் ஒருவர் கையில் அந்த 'சம்த்' சிக்கியபோது மகரத்தின் மூன்று கோடுகள் 'னி' என்ற இரண்டு எழுத்துகளாகத் தெரிந்தன. 'செனித்' பிறந்தது, பிறகு 'ஜெனித்'. தலைக்குரிய பாதி வழியில் கழன்றுபோய்விட்டது. இன்று அந்த ஆங்கிலச் சொல்லைச் சொல்பவர் வாயில் தலையும் இல்லை, திசையும் இல்லை. ஓர் எழுத்துப்பிழை மட்டும் இருக்கிறது. நம் வானவியல் நூல்கள் அதற்கு உச்சி என்று எழுதும்போது போன தலை திரும்பி வந்துவிடுகிறது.

தற்காலத் தமிழ் இந்த இரண்டு சொற்களையும் யாரும் விதி வகுக்காமலே பிரித்து வைத்திருக்கிறது. உச்சி ஓர் இடம்: அங்கே ஏறலாம், எண்ணெய் வைக்கலாம், பிள்ளையாரைப் பார்க்கலாம். உச்சம் ஒரு நிலை: அதைத் தொடலாம், கொஞ்சநாள் இருக்கலாம், இறங்கலாம். தங்கம் விலை உச்சம் தொட்டது என்று எழுதுகிறோம். உச்சியைத் தொட்டது என்றால் ஏதோ இடறுகிறது. பாட்டுக்கு உச்சஸ்தாயி, கதைக்கு உச்சக்கட்டம். நீதிமன்றங்களில் உயர்வுக்கு மேலே உச்சம். 1961ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வைத்த எல்லை, 1970இல் 15 ஆகக் குறைந்தது. அதற்கு உச்சவரம்பு என்று பெயர். இந்த ஒழுங்கை மீறி நிற்பது உச்சி மாநாடு ஒன்றுதான். நாட்டுத் தலைவர்கள் கூடுவதை ஆங்கிலத்தில் மலைமுனைச் சொல்லால் குறித்தார்கள், மொழிபெயர்த்தவர் மலையைப் பார்த்து உச்சி என்றார். 'உச்ச மாநாடு' என்றிருந்தால் சொல்லின் குணத்துக்குப் பொருந்தியிருக்கும். பழகிவிட்டது, இனி மாற்ற முடியாது.

பழகிவிட்ட இன்னொன்று உச்ச நட்சத்திரம். சினிமாச் செய்தியாளர்கள் ஆங்கிலத்தைத் தமிழாக்கிச் செய்த சொல். எந்த ஜோதிடரிடமும் கேட்டுப் பாருங்கள்: நட்சத்திரத்துக்கு உச்சம் கிடையாது, கிரகத்துக்குத்தான்.